படுத்த படுக்கையா இருக்குற அப்பாவுக்கு நிமோனியா வராம பாத்துக்கிறது எப்படி? வார்டுல கூட இருக்கவுக என்ன செய்யணும்?

தங்கச்சிமடம்_மக

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாவுக்கு வயசு 78, கடல் தொழில் பாத்தவுக. போன வாரம் விடியக்காலம் எந்திரிக்கும்போதே இடது கையும் காலும் விழுந்துருச்சு, வாயும் ஒரு பக்கமா கோணிருச்சு, 108ல ஏத்தி பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டாந்து சேத்துருக்கோம். மூளைக்கு போற ரத்தக்குழாய்ல அடைப்புன்னு ஸ்கேன் பாத்து சொன்னாக. இப்ப கண்ணு முழிச்சு ஆளு தெரியுது, பேச்சு மட்டும் கொழகொழன்னு வருது.

நேத்து ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் இனிமே நெஞ்சுலதான் கவனமா இருக்கணும், சளி கட்டி நிமோனியாவா மாறிரக் கூடாதுன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்கு போயிட்டாக. கூட்டம் அப்படி, அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நாங்க என்ன செய்யணும்னு தெரியல. அப்பா நாப்பது வருசமா பீடி குடிச்சவுக, ஏற்கனவே இருமல் உண்டு. காலையில தண்ணி குடுத்தா புரையேறுது, அதனால மூக்கு வழியா குழாய் போட்டுருக்காக. மீன்பிடி தடைக்காலம்கிறதால தம்பியும் கரையிலதான் இருக்கான், நானும் அவனும் மாத்தி மாத்தி கூட இருக்கோம், செய்யுறதுக்கு ஆளு இருக்கு, என்ன செய்யணும்னு சொல்லித்தான் ஆளு இல்ல. படுக்கையில இருக்குற வயசானவுகளுக்கு ஏன் நிமோனியா வருது, எதுனால தடுக்கலாம், தெரிஞ்சவுக கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

மெடிக்கல்வார்டு_சிஸ்டர்

தங்கச்சி, நான் மெடிக்கல் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், வருசக்கணக்கா இதே வேலைதான். உங்க டாக்டர் சொன்னது ரொம்ப சரி. ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்து அட்மிட் ஆனவங்கள்ல நெறைய பேரு ஸ்ட்ரோக்கால போறதில்ல, அதுக்கப்புறம் வர்ற நிமோனியாலதான் போறாங்க. ஆஸ்பத்திரியில சேர்ந்து 48 மணி நேரம் கழிச்சு வந்தா அத ஆஸ்பத்திரியில புடிச்ச நிமோனியான்னு கணக்கு வைப்போம், அந்த கிருமிக்கு பல நேரம் சாதாரண மருந்து கேக்காது, அதனால வந்தப்புறம் பாக்குறத விட வராம தடுக்குறதுதான் பெரிய வேலை.

எப்படி வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க. குளிர்ந்த தண்ணியாலயோ ஃபேன் காத்தாலயோ வர்றதில்ல. நம்ம வாயில எப்பவுமே கிருமி இருக்கும், எச்சில முழுங்கும்போது மூச்சுக்குழாய் தானா மூடிக்கும், தப்பித்தவறி உள்ள போனா இருமி வெளிய தள்ளிருவோம். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு இந்த ரெண்டும் தளர்ந்து போயிருது. எச்சில், சாப்பாடு, வயித்துல இருந்து மேல வர்ற பால், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நுரையீரலுக்குள்ள எறங்குது. இதுல மோசம் என்னன்னா பல பேருக்கு புரையேறுறதே வெளிய தெரியாது, இருமல் கூட வராது, சத்தமில்லாம உள்ள போயிட்டே இருக்கும். அப்பாவுக்கு இருமல் வருதுன்னா அது நல்லதுதான், அத நிறுத்த சிரப் வாங்கி குடுத்துராதீங்க.

அதனால செய்ய வேண்டியதுல எனக்கு முதல் எடம் தலைமாட்ட ஒசத்தி வைக்கிறதுக்கு. கட்டிலோட கால்மாட்டுல சுத்துற கைப்பிடி இருக்கும், அத சுத்தி 30 டிகிரிக்கு குறையாம வைங்க, குழாய்ல பால் குடுக்கும்போது 45 வரைக்கும் ஏத்துங்க, குடுத்து முடிச்சு முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். 30ன்னு நெனச்சு நாம வைக்கிறது பெரும்பாலும் 15, 20தான் இருக்கும், போன்ல கோணம் பாக்குற ஆப் இருக்கு, ஒரு தடவ வச்சு பாத்துக்கங்க. கைப்பிடி வேல செய்யலைன்னா தலகாணிய கழுத்துக்கு மட்டும் வைக்காதீங்க, கழுத்து மடங்கி மூச்சு இன்னும் சிரமமாயிரும், இடுப்புல இருந்து சாய்வா வர்ற மாதிரி போர்வைய மடிச்சு அடுக்குங்க. முழங்காலுக்கு அடியில ஒரு சின்ன தலகாணி வச்சா ஆளு கீழ வழுக்கி வர மாட்டாங்க. நாள் பூரா ரொம்ப ஒசரத்துலயே வச்சாலும் பின்பக்கம் எலும்புல அழுத்தி படுக்கைப் புண் வந்துரும், அதான் சாதாரண நேரத்துல 30, சாப்பாட்டு நேரத்துல அதுக்கு மேல.

ரெண்டாவது வாய். குழாய்லதான பால் போகுது, வாய்ல ஒண்ணும் போகலியே, எதுக்கு பல்லு விளக்கணும்னு எல்லாருமே கேப்பாங்க. வாய்ல ஒண்ணும் போகாதப்பதான் வாய் இன்னும் அழுக்காகும். எச்சில் வத்தி, நாக்குல வெள்ளையா படிஞ்சு, கிருமி பெருகிக் கிடக்கும், அதுதான் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா எறங்குறது. ஜப்பான்ல 11 முதியோர் இல்லத்துல 2 வருசம் இதையே பாத்தாங்க, 2002ல அந்த ஆராய்ச்சி வந்துச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் ஆள் வச்சு பல்லு விளக்கி விட்டவங்கள்ல 100க்கு 11 பேருக்கு நிமோனியா, அப்படி செய்யாதவங்கள்ல 100க்கு 19 பேருக்கு. பல்லே இல்லாதவங்களுக்கும் அதே பலன் இருந்துச்சு. மருந்தில்ல, ஊசியில்ல, ஒரு பிரஷ்தான், எனக்கு இத சொல்லும்போதெல்லாம் மனசு கெடந்து அடிச்சுக்கும், இவ்வளவு சுலபமான காரியத்த யாருமே செய்ய மாட்டேங்குறாங்களேன்னு.

எப்படி விளக்குறதுன்னா, தலைய ஒசத்தி முகத்த ஒரு பக்கமா திருப்பி வைங்க, தாடைக்கு அடியில துண்டு. சின்ன புள்ளைங்க பிரஷ், மெதுவானது, பேஸ்ட் பட்டாணி அளவு கூட வேண்டாம், தொட்டும் தொடாம. பல்லு, ஈறு, நாக்கு, அப்புறம் செயலிழந்த பக்கத்து கன்னத்துக்கு உள்ள, அங்கதான் எல்லாம் ஒதுங்கி நிக்கும். தண்ணிய ஊத்தி கொப்பளிக்க சொல்லக் கூடாது, நனைச்சு பிழிஞ்ச காஸ் துணிய விரல்ல சுத்தி தொடச்சு எடுங்க, எச்சில் அதிகமா இருந்தா டூட்டி சிஸ்டர கூப்பிடுங்க சக்‌ஷன் குழாய் வச்சு உறிஞ்சி எடுப்பாங்க. விரல கடிச்சுருவாங்க, பாத்து. காலையிலயும் ராத்திரி படுக்க முன்னாடியும் கட்டாயம். உதட்டுக்கு வாசலின் லேசா தடவுங்க.

அப்புறம் கை. மூக்குக் குழாயத் தொட முன்னாடி, வாயத் தொட முன்னாடி, பக்கத்து கட்டில் ஆளுக்கு ஒரு கை குடுத்துட்டு வந்தா, ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டு கழுவுங்க. மருந்தப் புகையா இழுக்குற நெபுலைசர் மாஸ்க் அப்பாவுக்குன்னு தனியா இருக்கட்டும், வச்சு முடிச்சதும் கழுவி காயப் போடுங்க. ஆக்சிஜன் போகுதுன்னா அந்த குமிழ் விடுற பாட்டில் தண்ணி கொறஞ்சிருச்சேன்னு நீங்களா குழாய்த் தண்ணிய ஊத்திராதீங்க, நம்ம ஊரு உப்புத்தண்ணிய சொல்லவே வேண்டாம், அதுக்கு சுத்தப்படுத்துன தண்ணிதான் ஊத்தணும், மேல மேல ஊத்தாம பழசக் கொட்டிட்டு மாத்தணும், சிஸ்டர்கிட்ட சொல்லுங்க.

கீழக்கரை_புள்ள

சிஸ்டர் சொன்னதுல ஒண்ணு கூட்டிக்கிறேன், எங்க உம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையில இருந்தப்ப எங்களுக்கு பெரிய போராட்டமே பாக்க வர்றவங்களோடதான். நம்ம பக்கம் ஒருத்தருக்கு முடியலைன்னா ஊரே வேன் புடிச்சு வரும், அது பாசம்தான், அத வேண்டாம்னு சொல்ல மனசு வராது. ஆனா வர்றவங்க ஆளுக்கு ஒரு ஸ்பூன் இளநி, ஜூஸ், ஹார்லிக்ஸ்னு வாயில விடுவாங்க, படுத்த வாக்குலயே, பாதி தூக்கத்துல இருக்கும்போதே. நாங்க வீட்ல பேசி வச்சு ஒரே ஒரு முடிவு எடுத்தோம், வாயில எது குடுக்குறதா இருந்தாலும் நானோ என் தங்கச்சியோ மட்டும்தான், வேற யாரா இருந்தாலும், பெரியத்தாவா இருந்தாலும் சரி, கை வைக்கக் கூடாதுன்னு. கட்டில் தலைமாட்டுல பெருசா எழுதி ஒட்டிட்டோம். கொஞ்சம் முகஞ்சுளிச்சாங்க, பரவாயில்ல.

ஜம்ஜம் தண்ணி, ஏர்வாடி தர்காவுல ஓதி வாங்கிட்டு வந்த தண்ணி, இதெல்லாம் கொண்டு வந்தா மறுக்க முடியாதுல்ல, அதுக்கு அங்க இருந்த ஒரு வயசான சிஸ்டரே வழி சொல்லிக் குடுத்தாங்க, சுத்தமான பஞ்ச அதுல நனைச்சு நல்லா பிழிஞ்சு உதட்டுல ஒத்தி விடுங்க, நிய்யத்து (மனசுல நெனச்சது) நிறைவேறிரும் நெஞ்சுக்கும் கெடுதி இல்லன்னு. ராமேஸ்வரம் தீர்த்தத்துக்கும் அதேதான். உங்க பக்கம் ஓரியூர் அருளானந்தர் கோயில் மண்ணு கொண்டாருவாங்க, அத நெத்தியில பூசிக்கலாம், வாய்க்குள்ள போட வேண்டாம்.

சளி இருமல் இருக்கவங்கள கட்டில் பக்கமே விடாதீங்க, அது சொந்த அண்ணனா இருந்தாலும்.

தங்கச்சிமடம்_மக

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இன்னைக்கு காலையிலயே பிரஷ் வாங்கி விளக்கி விட்டேன், நாக்குல இருந்து வந்தத பாத்து எனக்கே திக்குனு ஆயிருச்சு. சிஸ்டர், இன்னும் ரெண்டு கேள்வி. மூக்குல குழாய் போட்டாச்சுன்னா இனி புரையேற வழியில்லைன்னு தம்பி சொல்றான், அது சரியா? இன்னொண்ணு, அப்பா கருப்பட்டி காப்பி வேணும்னு கையக் காட்டி காட்டி கேக்குறாக, கண்ணுல தண்ணி வந்துருது எங்களுக்கு, ரெண்டு ஸ்பூன் மட்டும் குடுத்தா என்ன?

ராத்திரி தூங்காம கத்துறாக, அதுக்கு தூக்க மாத்திரை கேக்கலாமான்னும் யோசிக்கிறோம்.

மெடிக்கல்வார்டு_சிஸ்டர்

குழாய் போட்டா பசிக்கும் சத்துக்கும் வழி கெடைக்கும், நிமோனியாவத் தடுக்காது. எச்சில் அது பாட்டுக்கு எறங்கிட்டுதான் இருக்கும், அதோட படுக்க வச்சு வேகமா பால ஏத்துனா வயித்துல இருந்து அப்படியே எதுக்களிச்சு தொண்டைக்கு வந்துரும். அதனால ஒரு தடவைக்கு 200 மில்லி அளவுல, சிரிஞ்ச தூக்கிப் புடிச்சு தானா எறங்க விடுங்க, பிஸ்டன வச்சு அழுத்தி தள்ளக் கூடாது. ஒவ்வொரு தடவையும் குழாய் வெளிய போட்டுருக்க குறி அதே எடத்துல இருக்கான்னு பாருங்க, பிளாஸ்டர் கழண்டு குழாய் நீண்டு வந்துருந்தா ஒரு சொட்டு கூட ஊத்தாம சிஸ்டர கூப்பிடணும், நீங்களா உள்ள தள்ளிறவே கூடாது. முடிச்சதும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி விட்டு குழாய கழுவி விடுங்க. வயிறு உப்பி இருந்தாலோ வாந்தி வந்தாலோ அந்த வேளைய நிறுத்திட்டு சொல்லுங்க.

காப்பிக்கு வர்றேன். காப்பி, தண்ணி, மோர், இளநி இந்த மாதிரி நீர்க்க இருக்குறதுதான் முழுங்க ரொம்ப கஷ்டம், வாய்ல போட்டதும் ஓடிரும், தொண்டை மூட நேரம் கெடைக்காது. முழுங்குறாங்களான்னு முறைப்படி சோதிச்சு பாக்காம ஒரு ஸ்பூன் கூட வேண்டாம். டாக்டர்கிட்ட "முழுங்குற டெஸ்ட் எப்ப எடுப்பீங்க"ன்னு நேரடியா கேளுங்க, கேட்டாத்தான் நடக்கும். நெறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல முழுங்குற தெம்பு திரும்ப வந்துரும், உங்க அப்பாவுக்கும் வரும்னு நம்புவோம். வாயில குடுக்கலாம்னு சொன்னதும் முதல்ல கெட்டியான பதத்துலதான் ஆரம்பிப்பாங்க, கூழு, நல்லா மசிச்ச கஞ்சி, அப்படி. அப்ப நேரா ஒக்கார வச்சு, நல்லா முழிச்சிருக்கும்போது, டீஸ்பூன்ல பாதி, நல்லா இருக்குற வலது பக்கமா வைங்க, முழுங்கிட்டாங்களான்னு தொண்டைய பாத்துட்டு அடுத்தது. டிவி போடாதீங்க, பேச்சு குடுக்காதீங்க. குடுத்தப்புறம் குரல் கரகரன்னு ஈரமா கேட்டா உள்ள போகுதுன்னு அர்த்தம், அங்கேயே நிறுத்துங்க.

இப்போதைக்கு ஆசைக்கு, பஞ்சு குச்சிய காப்பியில நனைச்சு பிழிஞ்சுட்டு நாக்குல தொட்டு காட்டலாமான்னு டூட்டி டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, சில பேருக்கு அனுமதிப்போம். ருசி தெரிஞ்சாலே முகம் மலரும்.

தூக்க மாத்திரை நீங்களா கேக்க வேண்டாம்மா. மயக்கம் கூடக்கூட இருமுற தெம்பு கொறையும், முழுங்குறதும் கொறையும். கத்துறாங்கன்னா ஒண்ணுக்கு முட்டுதா, வலிக்குதா, ஈரத்துல படுத்துருக்காங்களா, வாய் காஞ்சு கெடக்கான்னு முதல்ல பாருங்க. பகல்ல ஒக்கார வச்சு பேச்சு குடுத்து முழிச்சிருக்க வைங்க, ராத்திரி லைட்ட அணைங்க, உங்க கைய அவங்க கையில குடுங்க. பாதி பேரு அதுலயே அமைதியாயிருவாங்க.

தொண்டி_பிசியோ

பிசியோதெரபிஸ்டா ஒரு வார்த்தை. ஒரே பக்கமா மல்லாக்க கெடந்தா நுரையீரலோட அடிப்பக்கம் விரியவே விரியாது, கரையில கட்டிப் போட்ட வள்ளத்துல அடியில தண்ணி தேங்குற மாதிரி சளி அங்கேயே தேங்கிரும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்துங்க, இடது, வலது, சாய்ஞ்சு ஒக்கார்றது. படுக்கைப் புண்ணுக்காகத்தான்னு நெனைக்காதீங்க, நெஞ்சுக்கும் அதேதான். மாத்தும்போது செயலிழந்த இடது கைய புடிச்சு இழுக்காதீங்க, தோள்பட்டை கழண்டு வந்துரும், தோளுக்கும் இடுப்புக்கும் அடியில கை குடுத்து உருட்டுங்க, தம்பி இருக்கான்ல ரெண்டு பேரா செய்யுங்க.

முதுகுல தட்டுறதப் பத்தி எல்லாரும் கேப்பாங்க. பக்கத்து கட்டில்ல ஒருத்தர் டம் டம்னு தட்டுறத பாத்து நீங்களும் ஆரம்பிச்சுராதீங்க. கைய குவிச்சு, விலாவுக்கு மேல மட்டும், முதுகெலும்பும் சிறுநீரகம் இருக்குற எடமும் படாம, பால் குடுத்து ரெண்டு மணி நேரமாவது ஆனப்புறம், அதுவும் உங்க பிசியோ நின்னு காட்டிக் குடுத்த மாதிரி. வயசானவங்க எலும்பு லேசுல ஒடைஞ்சுரும். சளி தேங்கி இருந்தாத்தான் அது வேலைக்கு ஆகும், சளியே இல்லாதவங்களுக்கு தினம் தட்டுறதால நிமோனியா வராம இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அத விட பெரிய மருந்து ஒக்கார வைக்கிறது. டாக்டர் சரின்னு சொன்னதும் காலத் தொங்கப் போட்டு கட்டில் ஓரத்துல அஞ்சு நிமிசம், அப்புறம் நாற்காலியில, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ. அப்ப மூச்ச நல்லா இழுத்து ஒரு நொடி நிறுத்தி விடச் சொல்லுங்க. மூணு பந்து இருக்குற ஊதுற கருவின்னு மெடிக்கல்ல விக்கிறாங்க, அது ஊதுறதுக்கில்ல உறிஞ்சுறதுக்கு, அப்பாவுக்கு சொன்னது புரிஞ்சு வாயால கவ்வ முடிஞ்சாத்தான் பிரயோஜனம், வாய் கோணி இருக்குறப்ப காத்து ஒழுகும், அவசரமில்ல.

பீடி நாப்பது வருசம்னா சளி கெட்டியாத்தான் இருக்கும். திரும்ப பழகிறாம பாத்துக்கங்க, ஆஸ்பத்திரியில விட்டது விட்டதாவே இருக்கட்டும். வீட்டுக்கு வந்தப்புறம் மக்களைத் தேடி மருத்துவம்கிற அரசாங்கத் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, 2021ல இருந்து நடக்குது, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுத்து வச்சுருங்க. அங்கேயே ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி ரெண்டையும் பத்தி கேளுங்க, ஃப்ளூ ஊசி வருசா வருசம் போடணும்.

மண்டபம்_அண்ணாச்சி

எங்க ஆச்சி காலத்துல கற்பூரவள்ளி சாறு ரெண்டு சொட்டு, மூக்குல நல்லெண்ண ஒரு சொட்டு விடுவாக, நெஞ்சு சளி பறந்துரும். ராத்திரி ஒரு தடவ விட்டுப் பாருங்க தாயி, கெடுதி ஒண்ணும் இல்ல.

மெடிக்கல்வார்டு_சிஸ்டர்

அண்ணாச்சி, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இந்த ஆளுக்கு வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா இருமல் கூட வராம அங்கேயே தங்கி தனியா ஒரு நிமோனியாவே வரும், எண்ணெய் நிமோனியான்னு அதுக்கு பேரே இருக்கு. முழுங்க முடியாதவங்களுக்கு மூக்குலயும் வாயிலயும் எண்ணெய், சாறு, கசாயம் எதுவும் கூடாது. நல்லா நடமாடுற ஆளு கற்பூரவள்ளி மென்னு தின்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

தங்கச்சி, முக்கியமா ஒண்ணு. வயசானவங்களுக்கு நிமோனியா ஆரம்பிக்கும்போது காய்ச்சல் வரும்னு காத்திருக்காதீங்க, பல பேருக்கு வராது. நேத்து வரை ஆளு தெரிஞ்சவரு இன்னைக்கு தடுமாறுறாரு, எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்குறாரு, அதுதான் பல நேரம் முதல் அடையாளம். தூங்கும்போது நெஞ்சு ஏறி எறங்குறத ஒரு நிமிசம் முழுசா எண்ணுங்க, 24க்கு மேல போனா, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல 94க்கு கீழ எறங்குனா, சளி மஞ்சளாவோ பச்சையாவோ மாறுனா, நடுராத்திரியா இருந்தாலும் டூட்டி சிஸ்டர எழுப்புங்க. பீடி குடிச்சவருங்கறதால அவருக்கு சாதாரணமாவே எவ்வளவு காட்டுதுன்னு இப்பவே கேட்டு குறிச்சு வச்சுக்கங்க, அப்பத்தான் எறங்குனது தெரியும். தொந்தரவு பண்றோமேன்னு தயங்காதீங்க. அத்தனை கட்டிலுக்கு ஒண்ணு ரெண்டு பேருதான் நைட்டுல இருப்போம், நாங்க பாக்காதத நீங்கதான் பாக்க முடியும்.

தங்கச்சிமடம்_மக

இத எல்லாத்தையும் தம்பிக்கு அனுப்பிட்டேன், ராத்திரி அவன் முறை. டாக்டர்கிட்ட முழுங்குற டெஸ்ட் கேட்டேன், நாளைக்கு பாக்குறோம்னு சொன்னாக. ஒண்ணு மறந்துட்டேன் சிஸ்டர், அப்பாவுக்கு மேல் வரிசை பல்செட்டு. கழட்டுனா முகம் சுருங்கி பாக்க ஒரு மாதிரி இருக்குன்னு அம்மா மாட்டியே வச்சுருக்காக.

மெடிக்கல்வார்டு_சிஸ்டர்

ராத்திரி கட்டாயம் கழட்டணும். 85 வயசுக்கு மேல இருக்கவங்கள வச்சு ஜப்பான்ல பாத்ததுல, பல்செட்ட மாட்டிக்கிட்டே தூங்குறவங்களுக்கு நிமோனியா ஏறக்குறைய ரெண்டு மடங்கு வந்துருக்கு. செட்டுக்கு அடியில அண்ணத்துலதான் அத்தனையும் ஒட்டிக் கிடக்கும். இப்ப அவருக்கு வாய் வழியா சாப்பாடு இல்ல, முகமும் கோணியிருக்கு, லூசாகி தொண்டைக்குள்ள போயிரவும் வாய்ப்பு இருக்கு, அதனால முழுங்குற டெஸ்ட் முடியுற வரைக்கும் பகல்லயும் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். பிரஷ் போட்டு கழுவி, மூடி போட்ட டப்பாவுல தண்ணியில போட்டு, மேல அப்பா பேரு எழுதி ஒட்டி வைங்க, பேப்பர்ல சுருட்டி தலகாணிக்கு அடியில வச்சா குப்பையோட போயிரும். கழட்டுனப்புறம் அண்ணத்தையும் காஸ் துணியால தொடச்சு விடுங்க. நாளைக்கு டெஸ்ட்டுக்கு போகும்போது டப்பாவையும் கூட எடுத்துட்டு போங்க, மாட்டிப் பாக்கணும்னா அவங்களே சொல்வாங்க.